இரண்டு மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு

வலிப்பு நோய் உள்ளவர்கள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் ஆறேழு பேருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். வேளாவேளைக்குப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள மூன்று பேரின் கதை வேறு. மாத்திரையை மாற்றுவார்கள், அளவைக் கூட்டுவார்கள், இன்னொன்றைச் சேர்ப்பார்கள். வலிப்பு பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

தருமபுரியில் மருந்துக் கடை வைத்திருப்பதால் இந்த மூன்று பேரின் வீட்டாரை அடிக்கடி பார்க்கிறேன். பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் சீட்டை நீட்டும்போதே கேட்பார்கள்: "இது நல்ல கம்பெனி மாத்திரைதானுங்களே சார்? போட்டும் வருதே?" மாத்திரை போலி, டாக்டர் சரியில்லை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கிறார்கள். ஆனால் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று மருத்துவத்தில் தனி வகையே உண்டு. அதற்கு வரையறை உண்டு, காரணங்கள் உண்டு, அடுத்து போக வேண்டிய வழியும் உண்டு.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று மின்சைகை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தூண்டிவிடும் சைகைகள் உண்டு, அடக்கிவைக்கும் சைகைகளும் உண்டு. இரண்டுக்கும் உள்ள சமநிலை குலைந்து, ஒரு பெருங்கூட்டம் அணுக்கள் ஒரே நேரத்தில் சைகை விட்டால் அதுதான் வலிப்பு. ஃபெனிட்டோயின், கார்பமசெபைன் போன்றவை அணுவின் சுவரில் உள்ள சோடியம் வாசல்களை அடைத்து, அது படபடவென்று சைகை விடுவதைத் தடுக்கின்றன. ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம் இரண்டும் அடக்கும் பக்கத்துக்குப் பலம் கூட்டுகின்றன. இவை வலிப்பு வராமல் தடுப்பவை; வலிப்புக்குக் காரணமான வடுவையோ மரபணுக் கோளாறையோ சரிசெய்பவை அல்ல. கடையில் இதைச் சொன்னால் பலர் முகம் வாடிவிடுகிறது. ஆனால் இது தெரியாமல் மேலே போக முடியாது.

சரி, எப்போது "மருந்து கேட்கவில்லை" என்று சொல்லலாம்? வலிப்பு நோய்க்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2010-ல் இதற்கு ஒரு வரையறை தந்தது. அந்த வகை வலிப்புக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளை, தனித்தனியாகவோ சேர்த்தோ, உடம்பு தாங்கும் முழு அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. ஐந்து வேண்டாம், பத்து வேண்டாம், இரண்டு போதும்.

ஏன் இரண்டு? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 சதவீதம். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து நின்றவர்கள் வெறும் 3 சதவீதம். முதல் இரண்டு வாய்ப்பும் போய்விட்டால் அடுத்தடுத்த மாத்திரைகளில் அதிர்ஷ்டம் அடிப்பது அபூர்வம் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. அதே ஊரில் முப்பது வருடக் கணக்கை, 1795 நோயாளிகளை வைத்து, 2018-ல் மறுபடி பார்த்தார்கள். அந்த முப்பது வருடத்தில் ஒரு டஜனுக்கு மேல் புது மருந்துகள் வந்துவிட்டன. வலிப்பு நின்றவர்கள் சுமார் 64 சதவீதம், பழைய கணக்கேதான். புது மருந்துகளால் பக்கவிளைவு குறைந்தது, அது பெரிய விஷயம். அடங்காத அந்த மூன்றில் ஒரு பங்கு மட்டும் அசையவே இல்லை.

"நின்றுவிட்டது" என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மருந்து தொடங்கும் முன்பு இரண்டு வலிப்புக்கு இடையில் அதிகபட்சம் எவ்வளவு காலம் சும்மா இருந்ததோ, அதன் மூன்று மடங்கு. அல்லது ஒரு வருடம். இரண்டில் எது அதிகமோ அதுவரை வலிப்பு வராமல் இருக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவருக்கு, மாத்திரை போட்டு ஆறு மாதம் வரவில்லை என்றால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இரண்டு வருடம் பார்க்க வேண்டும்.

உண்மையில் கேட்காததும், கேட்காதது போலத் தெரிவதும்

இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எந்த மாத்திரையும் கேட்கவில்லை" என்று வருகிறவர்களில் கணிசமான பேருக்கு மருந்து தோற்கவே இல்லை. மருந்துக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

முதல் சந்தேகம், அது வலிப்புதானா என்பது. வெயிலில் வெகுநேரம் நின்றவர், ஊசியைக் கண்டு பயந்தவர், ரத்த ஓட்டம் குறைந்து மயங்கி விழும்போது கைகால் சில நொடி வெட்டும். படுக்கவைத்ததும் சட்டென்று தெளிந்துவிடுவார். இன்னொன்று, மன அழுத்தத்தால் வருவது. பார்க்க வலிப்பு போலவே இருக்கும்; கண் இறுக மூடியிருக்கும், தலை இப்படியும் அப்படியும் ஆடும், பத்து நிமிடம் இருபது நிமிடம் கூட நீளும். இ.இ.ஜி.யில் மூளையின் மின்னோட்டம் ஒழுங்காகவே இருக்கும். இது நடிப்பு இல்லை. அந்தப் பெண்ணோ பையனோ வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் இதற்கு வலிப்பு மாத்திரை வேலை செய்யாது, மனநல சிகிச்சைதான் செய்யும். பெரிய மையங்களுக்கு "மருந்து கேட்கவில்லை" என்று அனுப்பப்படுகிறவர்களில் ஐந்தில் ஒருவராவது இந்த வகையாக இருக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை வரும்போது ஒருவர் ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். முகம், கண், இரண்டு கைகளும் தெரிய வேண்டும், தெளியும்வரை எடுக்க வேண்டும். பத்து நிமிடம் வாயால் விவரிப்பதை விட அந்த ஒரு நிமிட வீடியோ டாக்டருக்குப் பேருதவி.

இரண்டாவது, வலிப்பு சரி, மருந்து மாறிவிட்டது என்கிற கதை. பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வகை இருக்கிறது. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கை சட்டென்று வெட்டும். பல் விளக்கும் பிரஷ் எகிறிப் போகும், டம்ளர் காபி தரையில் கொட்டும். "கவனம் எங்க வெச்சிருக்க?" என்று வீட்டில் திட்டு விழும். இதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. கீழே விழுந்து இழுத்ததை மட்டும் சொல்வார்கள். அதைக் கேட்டு கார்பமசெபைனோ ஃபெனிட்டோயினோ எழுதினால், இந்த வகையில் கை வெட்டுவது அதிகமாகவும் கூடும். இதற்கு வால்ப்ரோயேட் நன்றாகக் கேட்கும். ஆனால் கர்ப்பத்தில் குழந்தைக்குக் குறைபாடு வரும் ஆபத்து அதில் அதிகம் என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு லெவெடிராசெட்டம் போன்ற மாற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். காபி கொட்டிய விஷயத்தைச் சொன்னால் சிகிச்சையே மாறும்.

மூன்றாவது, அளவு. இரண்டு வயதில் சிரப் தொடங்கிய குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது, எடை இரண்டு மடங்காகிவிட்டது, அம்மா இன்னும் அதே 4 மில்லிதான் ஊற்றுகிறார். பழைய சீட்டை வைத்தே வாங்கிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். ஃபெனிட்டோயினில் எதிர்ச் சிக்கலும் உண்டு. கல்லீரல் அதைக் கழிக்கும் வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. 300 மில்லிகிராமில் அமைதியாக இருப்பவருக்கு 400 ஆக்கினால் ரத்தத்தில் அளவு கிடுகிடுவென ஏறி, நடை தள்ளாடி, கண் ஆடலாம். "குடிச்சவன் மாதிரி இருக்கான்" என்று வீட்டார் தாங்களாகவே பாதியாக உடைத்துக் கொடுப்பார்கள். வலிப்பு திரும்பி வரும், பழி மருந்தின் மேல் விழும்.

நான்காவது, மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்பது. கடைக்குள் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு மாதத்துக்கு எழுதிய சீட்டுக்குப் பத்து நாளுக்கு மட்டும் வாங்குவார்கள், அடுத்து வருவதற்கு இருபது நாள் ஆகும். கட்டட வேலைக்கு பெங்களூரு போகிறவர் பையை மாற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார். புதுசாகக் கல்யாணமான பெண், புகுந்த வீட்டில் தெரிந்துவிடும் என்று மாத்திரையை மஞ்சள் டப்பாவுக்குள் ஒளித்துவைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போடுவாள். ஆள் இருந்தால் அன்றைக்கு இல்லை. இவர்களை "ஒழுங்காப் போடுங்க" என்று அதட்டிப் பிரயோஜனம் கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிடாத கல்யாணத்தில் அந்தப் பெண் வேறென்ன செய்வாள்?

தூக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால் எந்த மருந்தின் காவலையும் தாண்டி வலிப்பு வரும். ஓசூரில் வாரம் ஒரு ஷிப்ட் மாறும் தொழிற்சாலை வேலை, சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் ராத்திரி வேலை, விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து, இவற்றுக்கு மறுநாள் வருகிற வலிப்பை மருந்தின் தோல்வி என்று எழுத முடியாது. குடியும் அப்படியே. குடித்த அன்றைக்கு வராமல், போதை இறங்கும் மறுநாள் வருவது வழக்கம்.

கடைசியாக, ஒரு மருந்து இன்னொன்றின் காலை வாரிவிடுவது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு பல வலிப்பு மருந்துகளைச் சீக்கிரம் கழித்துவிடும். கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், லமோட்ரிஜினின் அளவைப் பாதியாக்கிவிடக்கூடும். மறுபக்கம் பார்த்தால், கார்பமசெபைனும் ஃபெனிட்டோயினும் கருத்தடை மாத்திரையைப் பலனில்லாமல் ஆக்கிவிடக்கூடும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கவே போனாலும், வலிப்பு மாத்திரை போடுவதைச் சொல்லிவிட வேண்டும். அப்புறம், எங்களிடம் வாங்கும்போது மருந்தின் பெயர் ஒன்றேதான் என்றாலும் மாதம் ஒரு கம்பெனியாக மாற்றாதீர்கள். வலிப்பு மருந்துகளில், அதிலும் ஃபெனிட்டோயினில், சின்ன வித்தியாசமும் சிலருக்குப் போதும்.

நிஜமாகவே கேட்காதபோது

இத்தனையும் சரிபார்த்த பிறகும் வந்தால்தான் நிஜமான கேள்வி எழுகிறது. மூளையில் என்ன நடக்கிறது?

பலருக்கு மூளையில் ஒரு இடத்தில் வடு இருக்கும். அதிகம் பேசப்படுவது, காதுக்கு உள்பக்கம் ஆழத்தில், நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கி இறுகிப்போவது. பலருக்குக் கதை இப்படி இருக்கும்: கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் அரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஒரு வலிப்பு. அப்புறம் பல வருடம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வயதில் அல்லது அதற்குப் பிறகு, வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல ஒரு உணர்வு, பார்வை நிலைகுத்தி நிற்பது, வாய் சப்புக் கொட்டுவது, கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருப்பது. விழாமல் கூட இருக்கலாம். இந்த வகைதான் மாத்திரைக்கு அதிகம் அடங்காதது. அறுவை சிகிச்சைக்கு நன்றாக அடங்குவதும் இதுதான். கருவிலேயே மூளையின் மேலடுக்கான புறணி தவறாக உருவாவது, பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் ஏற்பட்ட தழும்பு, சின்னக் கட்டிகள் ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

நாடாப்புழு முட்டை மூளைக்குப் போய் உண்டாகும் கட்டி நம் பக்கம் சிடி ஸ்கேனில் அடிக்கடி தென்படுவது. பன்றிக்கறி தின்பவர்களுக்கு மட்டும் வருவது இல்லை. கழுவாத கீரை, அசுத்தமான தண்ணீர் வழியாக யாருக்கும் வரலாம். நல்ல செய்தி, இதனால் வரும் வலிப்பு பெரும்பாலும் மருந்துக்கு அடங்கும். பயப்பட வேண்டிய பட்டியலில் இதை முதலில் வைக்கத் தேவையில்லை.

வடு இருந்தால் மருந்து ஏன் தோற்க வேண்டும்? இதற்குச் சில விளக்கங்கள் உள்ளன. ரத்தத்திலிருந்து கண்டதும் மூளைக்குள் போகாதபடி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு காப்பு இருக்கிறது. அதில் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்புகள் உண்டு; வேண்டாதவற்றைத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடுபவை. மருந்துக்கு அடங்காதவர்களின் மூளைத் துண்டுகளை ஆராய்ந்தபோது இந்தப் பம்புகள் அளவுக்கு மீறி இருப்பதைப் பார்த்தார்கள். வயலுக்கு ஒரு மோட்டார் தண்ணீர் பாய்ச்ச, வரப்போரம் இன்னொரு மோட்டார் அதை உறிஞ்சி வெளியே விட்டால் பயிர் என்ன ஆகும்? ரத்தப் பரிசோதனையில் மருந்து சரியான அளவில் இருக்கும், வேண்டிய இடத்தில் மட்டும் இருக்காது.

இரண்டாவது விளக்கம், மருந்து போய்ச் சேர்ந்தாலும் அது பிடிக்க வேண்டிய சோடியம் வாசலின் அமைப்பே மாறிவிட்டது என்பது. அறுவை சிகிச்சையில் எடுத்த ஹிப்போகாம்பஸ் அணுக்களில் கார்பமசெபைனை விட்டுப் பார்த்தபோது, மருந்துக்கு அடங்காதவர்களின் அணுக்கள் அதைச் சட்டை செய்யவே இல்லை. மூன்றாவது, செத்த அணுக்களின் இடத்தில் மிஞ்சிய நரம்பிழைகள் தப்பான இடங்களுக்குக் கிளைவிட்டு, தங்களையே தூண்டிக்கொள்ளும் புதிய சுற்றுகளை உண்டாக்குவது. நான்காவது, நோயே ஆரம்பத்திலிருந்து கடுமையானது என்பது. மருந்து தொடங்கும் முன்பே இருபது முறைக்கு மேல் வலிப்பு வந்தவர்களுக்கு மருந்து கேட்கும் வாய்ப்பு குறைவு என்று அந்த 2000-ம் ஆண்டு கிளாஸ்கோ ஆய்வே சொல்கிறது.

இவற்றில் எந்த ஒன்றும் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தவில்லை. பம்பை அடைக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. அது வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. ஒருவருக்கே இரண்டு மூன்று காரணம் சேர்ந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

மரபணுவில் காரணம் இருப்பவர்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே காரணம் தெரிந்தால் மருந்தே மாறும். டிராவே என்ற நோயில், அடக்கும் அணுக்களின் சோடியம் வாசல் பழுதாகியிருக்கும். முதல் வயதிலேயே காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வரும். இதற்குக் கார்பமசெபைன் கொடுத்தால், இருக்கிற அடக்கும் சக்தியையும் அடைத்துவிட்டு வலிப்பைக் கூட்டும். இன்னொரு கோளாறில் குளுக்கோஸ் மூளைக்குள் சரியாகப் போகாது. அதற்கு மருந்தைவிட உணவு மாற்றம்தான் சிகிச்சை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மூளையையே தாக்கி வரும் வலிப்பும் உண்டு. சில வாரங்களில் திடீரென்று ஆளின் நடத்தை மாறி, ஞாபகம் குழம்பி, கூடவே வலிப்பும் வந்தால் டாக்டர் அதை யோசிப்பார். அதற்கு ஸ்டீராய்டு வேண்டும்.

நான்காவது மாத்திரைக்கு முன்னால்

இரண்டு மருந்து தோற்ற பிறகு மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடம் கொடுத்துக் காத்திருப்பதைத்தான் இந்த நோயில் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன். பத்து வயதில் வந்த பிள்ளை இருபத்தைந்து வயதில் முதன்முறையாக வலிப்பு மையத்துக்குப் போகிறது. படிப்பு நின்றிருக்கும், வேலை இருக்காது. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டே மேல் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறேன்.

நமக்கு அது தூரமும் இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பக்கம். தருமபுரியிலிருந்தும் காலையில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்த ஊர்க்காரர்கள் பலர் ஏற்கெனவே அங்கே கார்டு போட்டிருப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பு அறுவை சிகிச்சைத் துறைதான் இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடி. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் 1995 முதல் வலிப்புக்கான அறுவை சிகிச்சை செய்துவருகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், கிளம்பும் முன்பே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எங்கே, எதற்குச் செல்லும் என்று கேட்டுவிடுங்கள்.

அங்கே எம்.ஆர்.ஐ. மறுபடி எடுக்கச் சொல்வார்கள். "போன வருசம்தான் எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு" என்று சண்டை போட வேண்டாம். வலிப்புக்கென்று தனி முறையில், மெல்லிய துண்டு துண்டாக எடுக்கும் படத்தில், சாதாரணப் படத்தில் தெரியாத வடு தெரியும். அப்புறம் வீடியோ இ.இ.ஜி. சில நாள் படுக்கையில் வைத்து, மாத்திரையை அவர்கள் மேற்பார்வையிலேயே குறைத்து, வலிப்பை வரவழைத்துப் பதிவு செய்வார்கள். மாத்திரையை நிறுத்தி வரவைக்கிறார்களே என்று பதறத் தேவையில்லை. எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

தொடங்கும் இடம் ஒன்றே ஒன்று, அதை எடுத்தால் பேச்சோ கைகாலோ போகாது என்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். கனடாவில் 80 பேரை வைத்துச் செய்து 2001-ல் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு நின்றவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் 116 குழந்தைகளிடம் செய்து 2017-ல் வெளியானதில், வலிப்பு நின்றவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 77 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 7 சதவீதம். "தலையைத் திறக்கிறதா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். ஞாபகத்தில் குறை, பார்வையில் ஒரு ஓரம் குறைவது, இடத்தைப் பொறுத்து கைகால் பலவீனம் என்று ஆபத்துகள் உண்டு. எடுக்கப் போகும் இடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் மறுபக்கத் தட்டிலும் ஆபத்து இருக்கிறது. வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர், பெரும்பாலும் தூக்கத்தில், திடீரென்று இறக்கிறார். வலிப்பு அடங்காதவர்களுக்கு அது இன்னும் அதிகம். திறந்த கிணறு, விறகடுப்பு, டூவீலர் எல்லாம் அதற்கு மேல்.

அறுவை சிகிச்சைக்கு ஏற்றவராக இல்லாவிட்டால், கழுத்து நரம்பைத் தூண்டும் சிறு கருவி வைப்பது உண்டு. முழுதாக நிற்பது குறைவு, எண்ணிக்கை குறையும். மாவுச்சத்தை மிகக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. களியும் சோறும் தின்று வளர்ந்த வீட்டில் அதை நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை, உணவு நிபுணர் கூடவே இருக்க வேண்டும். யூடியூப் பார்த்துத் தொடங்கினால் கெடுதல்தான் மிஞ்சும். மருந்துச் சேர்க்கையை மாற்றி, விழுகிற வலிப்பையாவது குறைப்பதும் ஒரு சிகிச்சைதான். வாரம் இரண்டு விழுந்தவர் மாதம் ஒன்று விழுந்தால் அந்த வீட்டுக்கு அது பெரிது.

வலிப்பு வரும்போது கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பெங்களூருக்கோ வேலூருக்கோ கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இதுவரை போட்ட ஒவ்வொரு மருந்தின் பெயர், அதிகபட்சம் போன அளவு, எத்தனை மாதம், ஏன் நிறுத்தியது. வலிப்பு வந்த தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டிருந்தால் காலண்டரையே எடுத்துப் போகலாம். பழைய சீட்டு தொலைந்துவிட்டால், வழக்கமாக வாங்கும் மருந்துக் கடையில் கேளுங்கள். பில் கம்ப்யூட்டரில் இருந்தால் பெயரைத் தட்டித் தேடித் தர இரண்டு நிமிட வேலைதான்.